மொழி தெரியாத நாட்டுக்கு குடும்பத்தோட போறது சரியா? (ஜெர்மனி, ஜப்பான், கொஞ்சம் நெதர்லாந்து)

கோவை_டெஸ்டர் | 21.09.2025

வயசு 33. மெக்கானிக்கல் படிச்சிட்டு வண்டி சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல ஒன்பது வருஷம். மனைவி அக்கவுண்ட்ஸ் பாக்குறாங்க, பொண்ணுக்கு நாலு வயசு. அமெரிக்க வேலை விசா எச்-1பி லாட்டரில பேர் வரல, இப்ப என்னடான்னா புதுசா போடுற மனுவுக்கு 1,00,000 டாலர்னு உத்தரவு வந்தாச்சு. எந்த கம்பெனி கட்டும்? கனடால குடியேற பாயிண்ட் போடற எக்ஸ்பிரஸ் என்ட்ரில முப்பது தாண்டினாலே வயசு பாயிண்ட் குறையுது. மிச்சம் இருக்கறது ஜெர்மனி, ஜப்பான், நெதர்லாந்து மாதிரி இடம்தான். என் கருத்து என்னன்னா, இங்கிலீஷ் ஓடாத ஊருக்கு முப்பதுக்கு மேல குடும்பத்தோட போறது தப்பு. வேலைல மேல வர முடியாது, ஆஸ்பத்திரில வாய் திறக்க முடியாது, குழந்தை ஸ்கூல்ல தனியா நிக்கும். அனுபவம் இருக்கறவங்க மறுத்து சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

திருச்சிக்காரி | 22.09.2025

நான் மறுக்கறேன் தம்பி. ஸ்டுட்கார்ட் பக்கம் குடும்பத்தோட இருக்கோம், வந்தப்ப எங்க ரெண்டு பேருக்கும் ஜெர்மன் சுத்தமா தெரியாது.

முதல்ல ஒண்ணு யோசிங்க. அமெரிக்கால இங்கிலீஷ் ஓடுது, சரி. ஆனா வேலை வழி கிரீன் கார்டுல எந்த ஒரு நாட்டுக்காரங்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாதுன்னு சட்டம், நம்மாளுங்க கூட்டம் அதிகம், அதனால வரிசை வருஷக்கணக்குல நிக்குது. என் பெரியப்பா பையன் அங்க இருக்கான், வீடு வாங்கிட்டான், பிள்ளைங்க அங்கயே பொறந்தாச்சு, இன்னும் வேலை போனா என்ன ஆகும்னு தூக்கம் வராம உக்காந்திருக்கான். அவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் அந்த வரிசை ஒரு அடி நகராது. மொழி அப்படி கிடையாதே, உக்காந்து படிச்சா நகரும். இங்க ப்ளூ கார்டுல (டிகிரி முடிச்சவங்களுக்கு குடுக்கற வேலை அனுமதி) வர்றவங்க பி1 லெவல் ஜெர்மன் (மொழிப் படிங்க ஏ1, ஏ2, பி1, பி2, சி1னு மேல போகும்) பாஸ் பண்ணிட்டா 21 மாசத்துல நிரந்தர வசிப்புரிமைக்கு போடலாம், வெறும் ஏ1 மட்டும்னா 27 மாசம். எனக்கு இது பெரிய நிம்மதி, ஏன்னா அந்த தேதி நம்ம கைல இருக்கு.

உங்க விஷயத்துக்கு வர்றேன். வேலை கைல வாங்கிட்டு வந்தா ப்ளூ கார்டு. 2025 கணக்குப்படி சம்பளம் வருஷத்துக்கு குறைஞ்சது 48,300 யூரோ இருக்கணும், ஆள் பத்தாத தொழில்னு அவங்க போட்டிருக்கற லிஸ்ட்ல இஞ்சினியர், ஐடி எல்லாம் வரும், அதுக்கு 43,759.80 போதும். வேலை இல்லாம தேடிக்கிட்டே வரணும்னா 2024 ஜூன்ல ஆரம்பிச்ச சான்சன்கார்ட் இருக்கு. அதுக்கு ஆறு பாயிண்ட் வேணும். உங்களுக்கு 35க்கு கீழ வயசு 2, கடைசி ஏழு வருஷத்துல அஞ்சு வருஷ அனுபவம் 3, ஆள் பத்தாத தொழில் 1, ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாமலே ஆறு ஆயிடுச்சு. (காலேஜ் அனபின்னு சொல்ற அவங்க டேட்டாபேஸ்ல எச் பிளஸ்னு (அங்கீகாரம் உள்ளதுன்னு அர்த்தம்) இருந்து, டிகிரியும் அவங்க டிகிரிக்கு சமம்னு இருந்தா பாயிண்ட் எண்ணவே வேண்டாம்.) ஆனா மாசம் 1,091 யூரோ வீதம் வருஷத்துக்கு 13,092 யூரோ முடக்கின அக்கவுண்ட்ல (மாசம் இவ்வளவுதான்னு எடுக்க முடியும்) காட்டணும், அதிகபட்சம் ஒரு வருஷம்தான், வாரத்துக்கு 20 மணி நேரம் பார்ட் டைம் பாக்கலாம். குடும்பம் இருக்கறவங்களுக்கு நான் இந்த வழிய சொல்ல மாட்டேன். தனி ஆளா வந்து தேடறவங்களுக்கு போட்ட திட்டம் அது. நீங்க கோவைல இருந்தே இன்டர்வியூ குடுத்து ப்ளூ கார்டுல வாங்க.

திருச்சிக்காரி | 22.09.2025, ராத்திரி

மேல எழுதினத திரும்ப படிச்சேன், முக்கியமானத விட்டுட்டு விசா கணக்கு மட்டும் சொல்லியிருக்கேன். மொழி கஷ்டம் வீட்ல எல்லார் தலைலயும் சமமா விழாது தம்பி. நீங்க ஆபீஸ் போவீங்க, அங்க இங்கிலீஷ்ல ஓட்டிடுவீங்க. காலைல குழந்தைய விடறது, டாக்டர், வீட்டுக்காரம்மா போன், கடை, லெட்டர், இதெல்லாம் உங்க மனைவி தலைல. உங்க கேள்வில அவங்களப் பத்தி ஒரு வரிதான் இருக்கு. அவங்க என்ன சொல்றாங்க?

திருச்சிக்காரி | 24.09.2025

“அவளுக்கு ஓகேதான், ஆனா வேலை விட்டுட்டு வரணுமேன்னு யோசிக்கிறா”ன்னு தம்பி எழுதியிருக்காரு. அந்த யோசனை நியாயம். என் கதைய சொல்றேன், அவங்களையும் படிக்கச் சொல்லுங்க.

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சில தில்லை நகர்ல சொந்தமா சின்னதா கிளினிக் வச்சிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு இங்க வேலை கிடைச்சு ப்ளூ கார்டுல வந்தோம். ப்ளூ கார்டுக்காரங்க மனைவிக்கு ஏ1 சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க, வந்த உடனே எந்த வேலைக்கும் போக அனுமதியும் உண்டு. இத எல்லாரும் பெரிய சலுகைன்னு சொல்றாங்க. நான் அத ஒத்துக்க மாட்டேன். கேக்கலங்கறதால நான் படிக்காம வந்தேன், வந்து இறங்கின முதல் குளிர்காலம் முழுக்க வாயில்லாத ஆளா இருந்தேன். நாலரை மணிக்கு இருட்டிடும். கீழ் வீட்டு பாட்டி மாடிப்படில என்னமோ கேப்பாங்க, நான் சிரிச்சுட்டு உள்ள வந்து கதவ சாத்திப்பேன். திருச்சில நாள் முழுக்க பேஷண்ட் கூட பேசிட்டே இருந்த ஆளு நான்.

என் தொழில் இங்க அரசு அங்கீகாரம் இல்லாம செய்ய முடியாத தொழில். டாக்டர், நர்ஸ், பிசியோ எல்லாம் இந்த வகைதான். நம்ம நாலரை வருஷ பிபிடி பாடத்திட்டத்த அவங்க மூணு வருஷ பயிற்சியோட ஒப்பிட்டு பாத்து எது குறையுதுன்னு மாநில அலுவலகத்துல இருந்து கடிதம் வரும், அந்த குறைக்கு பயிற்சி எடுக்கணும், இல்லன்னா அறிவுத் தேர்வு எழுதணும். அதுக்கெல்லாம் மேல பி2 ஜெர்மன். டிகிரி பெருசா சின்னதாங்கறது அங்க பேச்சே இல்ல. நான் முதல்ல கோவப்பட்டேன். பயிற்சிக்குள்ள போனப்புறம்தான் ஏன் மொழி கேக்கறாங்கன்னு புரிஞ்சது. ஒருத்தர் தோளப் புடிச்சுக்கிட்டு வந்து உக்காருறாரு, அது குத்துதா, எரியுதா, இழுக்குதா, மரத்துப் போகுதா, ராத்திரி படுத்தா கூடுதா, அவர் சொல்றது எனக்கு சரியா விளங்கலன்னா நான் கை வைக்கிற இடமே தப்பாயிடும். அதுவும் இந்தப் பக்கம் பெரியவங்க பேசறது ஷ்வேபிஷ், பாடப் புத்தகத்துல வர்ற ஜெர்மனுக்கும் அதுக்கும் மதுரைக்கும் மட்டக்களப்புக்கும் உள்ள தூரம்.

எப்படி படிச்சேன்னு கேட்டா, இங்க அரசாங்க இன்டகிரேஷன் கோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, 600 பாட நேரம் மொழி, 100 பாட நேரம் நாட்டு வரலாறு சட்டம், முடிவுல பி1 தேர்வு. எங்க வகுப்புல சிரியா, உக்ரைன், எரித்ரியா, துருக்கி ஆளுங்க. யாருக்கும் பொதுவா இங்கிலீஷ் கிடையாது, அதனால டீ குடிக்கற நேரத்துல கூட ஜெர்மன்ல திக்கித்திக்கி பேசித்தான் ஆகணும். அதுதான் எனக்கு வாய் திறந்த இடம். இங்கிலீஷ் தெரிஞ்ச ஐடி ஆளுங்க மட்டும் இருக்கற சாயங்கால வகுப்புல அவரு சேந்தாரு, இடைவேளைல எல்லாரும் இங்கிலீஷ்ல பேசிக்கிட்டாங்க, அவரு ரொம்ப நாள் ஏ2லயே நின்னாரு.

இப்ப நான் அங்கீகாரம் வாங்கி வேலை பாக்கறேன். ஆனா திருச்சி கிளினிக்க மூடினதுக்கும் இங்க முதல் பேஷண்ட தனியா பாத்ததுக்கும் நடுவுல போன வருஷங்கள யாரும் திருப்பித் தர மாட்டாங்க. அத தெரிஞ்சே வரணும்.

திருச்சிக்காரி | 26.09.2025

நேத்து பாஷ் கம்பெனி இன்னும் 13,000 வேலைய குறைக்கப் போறதா அறிவிச்சிருக்கு, பெரும்பாலும் இங்க ஜெர்மனில, வண்டி பாகம் செய்யற பிரிவுல. தம்பி இருக்கறதும் வண்டி துறைதான், அதனால முதல் நாள் எழுதின “கோவைல இருந்தே இன்டர்வியூ குடுங்க”ங்கறத இன்னைக்கு அவ்வளவு சுலபமா எழுத மாட்டேன். எலெக்ட்ரிக் வண்டிக்கு மாறினதுல இன்ஜின் சம்பந்தப்பட்ட வேலை சுருங்குது, இந்தப் பக்கம் ஊரே அத நம்பித்தான் இருக்கு.

எங்க வீட்லயும் இது நடந்தது. கம்பெனி பேர் வேண்டாம். அவரு இருந்த பிரிவையே மூடிட்டாங்க. பெரிய கம்பெனில மீட்டிங் இங்கிலீஷ்ல நடக்கும், அங்க வேலை போனதும் பாத்தா மிச்சம் ஆள் எடுக்கறது நூறு எரநூறு பேர் வேலை செய்யற குடும்ப கம்பெனிங்க. மெஷின் பண்றவங்க, மருத்துவக் கருவி பண்றவங்க, கிராமத்துக்குள்ள இருந்துக்கிட்டு உலகம் முழுக்க விக்கறவங்க. அங்க பி2 இல்லாம உள்ள விட மாட்டாங்க, ஏன்னா தொழிற்சாலை தரைல நிக்கற மெக்கானிக் கூட ஜெர்மன்லதான் பேசியாகணும். அந்த சமயம் என் வருமானமும் அவரு பன்னெண்டு மாசத்துக்கு மேல கட்டியிருந்த வேலையில்லா காப்பீடும்தான் வீட்ட தாங்கினது. பிள்ளை இருக்கறவங்களுக்கு கைக்கு வந்த சம்பளத்துல 67 சதவீதம் குடுப்பாங்க, இல்லாதவங்களுக்கு 60. அவரு அந்த மாசங்கள்ல முழு நேரம் மொழி வகுப்பு போய் பி2 முடிச்சாரு, இப்ப பேக்கிங் மெஷின் பண்ற கம்பெனில இருக்காரு.

அதனால நான் சொல்றது: இங்கிலீஷ்ல வேலை கிடைச்சிடுச்சுன்னு மொழிய தள்ளிப் போடாதீங்க. முதல் வேலைக்கு இங்கிலீஷ் போதும், ரெண்டாவது வேலைக்கு போதாது. டெஸ்டிங்ல உங்களுக்கு வண்டிய விட்டு வெளிய மருத்துவக் கருவி, ரயில், மெஷின் பக்கம் அனுபவம் காட்ட முடியுமான்னு பாருங்க.

திருச்சிக்காரி | 05.10.2025

ஜப்பான் பத்தி நாலு பேர் கேட்டிருக்கீங்க. நான் அங்க இருந்ததில்ல, என் நாத்தனார் குடும்பம் நகோயா பக்கம் இருக்கு, வருஷா வருஷம் லீவுல சந்திக்கும்போது மணிக்கணக்குல இதத்தான் பேசுவோம்.

அமெரிக்க வெளியுறவுத் துறை அவங்க அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக் குடுக்க கணக்கு வச்சிருக்கு, ஜப்பானிய மொழிக்கு 2,200 மணி நேர வகுப்பு, ஜெர்மனுக்கு அதுல பாதி கூட வராது. ஆனா அது இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்களுக்கு போட்ட கணக்கு. நாத்தனார் சொல்றது, பேச வர்றது நமக்கு சீக்கிரம் வரும்னு. வினைச்சொல் நம்மள மாதிரியே கடைசில வருது, நம்ம வேற்றுமை உருபு மாதிரியே சின்னச் சொல்லுங்க பின்னாடி ஒட்டிக்குது, தமிழ்ல யோசிச்சு அப்படியே வரிசையா சொல்லலாம். படிக்கறதுலதான் மாட்டிக்குவோம். பொது உபயோகத்துக்குன்னு அரசாங்கம் வச்சிருக்கற கான்ஜி எழுத்தே (சீனத்துல இருந்து வந்த எழுத்து) 2,136. ஸ்கூல்ல இருந்து வர்ற நோட்டீஸ் படிக்க அவங்க இன்னமும் போன் கேமராவத்தான் காட்டறாங்க.

ஜேஎல்பிடின்னு சொல்ற ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வுல பேச்சுத் தேர்வே கிடையாதுங்கறதையும் கவனிங்க. என்2 சர்டிபிகேட் வச்சிருந்தும் வாய் திறக்காதவங்க உண்டு. சென்னைல படிக்கணும்னா ஏபிகே-ஏஓடிஎஸ் தோசொகாய்ல வகுப்பு நடக்குது, ரொம்ப காலமா நடத்தறாங்க. நிரந்தர வசிப்புரிமை ஜப்பான்ல உயர்திறன் பாயிண்ட் முறைல 70 பாயிண்ட் இருந்தா மூணு வருஷம், 80 இருந்தா ஒரு வருஷம், இது நல்ல வேகம். ஜப்பான் மொழி தெரிஞ்சா அதுக்கும் பாயிண்ட் உண்டு. தனி ஆளா 25 வயசுல இருக்கற பொண்ணு பையன் யாராவது கேட்டா நான் ஜப்பான தைரியமா சொல்வேன். நாலு வயசு குழந்தையோட போனா குழந்தை எழுத்து கத்துக்கும், பெத்தவங்களுக்கு வருமாங்கறதுதான் கேள்வி. அப்புறம் பிள்ளை மூணாவது நாலாவது போகும்போது வீட்டுப்பாடத்துல உதவ முடியாது.

நெதர்லாந்து பத்தி சுருக்கமா. இங்கிலீஷ்ல அன்றாடம் ஓட்டலாம்னு சொல்றது உண்மை. 30 வயசுக்கு மேல திறன்மிகு பணியாளர் விசாவுக்கு 2025ல மாசம் 5,688 யூரோ சம்பளம் வேணும்னு இருந்தது, அது எல்லா டெஸ்டருக்கும் கிடைக்கற சம்பளம் கிடையாது. வீடு கிடைக்கறதுதான் பெரும்பாடு. அங்க இருக்கற தோழி ஒருத்தி ரொம்ப வருஷமா டச்சு படிக்காமலே இருக்கா, எல்லாரும் அவகிட்ட இங்கிலீஷ்ல அன்பா பேசறாங்க, ஆனா அக்கம்பக்கத்துல நெருங்கின சிநேகிதம் யாரும் இல்லன்னு அவளே சொல்வா. எனக்கு இங்கிலீஷ் கிடைக்காம போனது நல்லதுதான்னு அவ பேசும்போது தோணும்.

திருச்சிக்காரி | 09.10.2025

ஒரு தகவல், சட்டம் மாறினதால. ஜெர்மன் குடியுரிமை மூணு வருஷத்துல கிடைக்குமாமேன்னு யாரோ கேட்டிருந்தீங்க. 2024 ஜூன் 27ல வந்த சட்டத்துல எட்டு வருஷத்த அஞ்சாக்கி, சி1 மொழியும் நல்ல ஈடுபாடும் காட்டறவங்களுக்கு மூணுன்னு வச்சாங்க. அந்த மூணு வருஷ வழிய நீக்க நேத்து பார்லிமென்ட்ல ஓட்டு விழுந்தாச்சு. அஞ்சு வருஷம் அப்படியே இருக்கு. அதுக்கு பி1 மொழியும், 33 கேள்வில 17 சரியா எழுதற தேர்வும் வேணும். கேள்விங்க முன்னாடியே வெளியிட்ட 310ல இருந்துதான் வரும், பயப்பட வேண்டாம். ஜெர்மனி இப்ப ரெட்டைக் குடியுரிமைய ஒத்துக்கும், ஆனா இந்தியா ஒத்துக்காது, பாஸ்போர்ட்ட ஒப்படைச்சிட்டு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்தியருக்கான அட்டை) எடுக்கணும். நான் இன்னும் முடிவு பண்ணல. அப்பா பேர்ல ஊர்ல நிலம் இருக்கு, ஓசிஐ வச்சு விவசாய நிலம் வாங்க முடியாது, வாரிசா வந்தா வச்சுக்கலாம்கறாங்க. அது வேற கதை.

இதுல இருந்து ஒண்ணு எடுத்துக்கோங்க. அரசாங்கம் மாறினா வருஷக் கணக்கு மாறும். பி1 சர்டிபிகேட் கைல இருந்தா எந்த சட்டம் வந்தாலும் அது வேலைக்கு ஆகும்.

திருச்சிக்காரி | 18.10.2025

நர்ஸ் தங்கச்சி வச்சிருக்கற அண்ணனுக்கு. ஏஜெண்ட் மூணு லட்சம் கேக்கறாருன்னா குடுக்காதீங்க. நர்ஸுங்களுக்கு இங்க ஆள் பத்தாம தவிக்கறாங்க, நிறைய ஆஸ்பத்திரி மொழிப் பயிற்சிக்கும் டிக்கெட்டுக்கும் அவங்களே செலவு பண்றாங்க. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு 1978ல இருந்து இருக்கு, முதல்ல அங்க விசாரிங்க. ஏஜெண்ட் பதிவு இருக்கான்னு மத்திய அரசோட இ-மைகிரேட் தளத்துல பாக்கலாம். முழு அங்கீகாரத்துக்கு பொதுவா பி2 கேப்பாங்க, ஊர்ல இருந்து பி1ஆவது முடிக்காம ஏறினா ஷிப்ட் வேலை பாத்துக்கிட்டு படிக்கறது உடம்பு தாங்காது. என்கூட படிச்ச கேரளா பொண்ணு நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வகுப்புக்கு வந்து டெஸ்க்லயே தூங்கிடும்.

திருச்சிக்காரி | 02.11.2025

குழந்தை பத்தி நான் எதுவும் எழுதலன்னு கோவை தம்பி நினைவுபடுத்தினாரு.

நாலு வயசுக்கு கவலையே வேண்டாம். கிட்டானு சொல்ற மழலையர் பள்ளில விட்டா முதல்ல கொஞ்ச நாள் பேசாம இருக்கும், அப்புறம் ஒரு நாள் மடமடன்னு வரும். ஒரு வயசுல இருந்தே கிட்டா இடம் குழந்தைக்கு சட்ட உரிமை, ஆனா டீச்சருங்க பத்தாததால இடம் கிடைக்க தாமதமாகும், வீட்டு முகவரி பதிவான அன்னைக்கே எழுதிப் போட்டுடுங்க. கவலைப்பட வேண்டிய வயசு ஏழு, எட்டு. ஏன்னா எங்க மாநிலத்துல நாலாவது முடிஞ்ச உடனே பிள்ளைங்கள வேற வேற பள்ளி வகைக்கு பிரிச்சிடுவாங்க, பல்கலைக்கழகத்துக்கு நேரா போற கிம்னாசியம் ஒண்ணு, தொழிற்பயிற்சி பக்கம் போற பள்ளிங்க மத்தது. பின்னாடி மாற வழி இருக்கு, இருந்தாலும் மூணாவதுல வந்து சேர்ற பிள்ளை மொழி புரியறதுக்குள்ளயே பிரிக்கற நேரம் வந்துடும். அதனால எட்டு வயசுப் பிள்ளை இருக்கறவங்க கொஞ்சம் ஆற அமர யோசிங்க, நாலு வயசுக்காரங்க சீக்கிரம் கிளம்புங்க.

தமிழ் மறந்துடுமேன்னு பயப்படறீங்க. இங்க அந்த பயத்துக்கு ஈழத்துக்காரங்க எப்பவோ பதில் கட்டி வச்சிருக்காங்க. 83க்கு அப்புறம் அகதியா வந்தவங்க, விசா, சம்பளம், ப்ளூ கார்டு எதுவும் இல்லாம, ஹோட்டல் சமையல்கட்டுல பாத்திரம் கழுவி ஆரம்பிச்சவங்க. சனி ஞாயிறுல தமிழாலயம்னு ஊர் ஊரா தமிழ்ப் பள்ளி நடத்தறாங்க. என் பையன் அங்கதான் எழுத்து கத்துக்கிட்டான், வீட்ல வந்து “அம்மா கதைக்காதேங்கோ”ன்னு யாழ்ப்பாணத் தமிழ் பேசறான், எங்கம்மா போன்ல கேட்டு அசந்து போயிட்டாங்க.

அந்தப் பள்ளில சமையல் பாக்கற அக்கா ஒருத்தர். எனக்கு மொழி வரலன்னு அழுதப்ப அவங்க சொன்னது: “பிள்ளை, நான் வந்து இறங்கேக்க கையில ஒரு பையும் மடியில ஒரு குழந்தையும்தான். வகுப்பெண்டு ஒண்டும் தரேல்ல. பஸ்ஸுக்குள்ள பக்கத்தில இருக்கிற கிழவியளோட கதைச்சுக் கதைச்சுத்தான் பழகினனான். நீர் பிழை விட்டாலும் ஆரும் அடிக்கமாட்டினம், கதையும்.” அவங்க மகள் இப்ப இங்க வக்கீல். ஹம் ஊர்ல இருக்கற காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு அவங்களோடதான் நாங்க முதல் தடவை போனோம். 2002ல குடமுழுக்கு ஆன கோயில், தொழிற்பேட்டை நடுவுல கோபுரம் நிக்குது, தேர் போற ரோட்ட போலீஸ் மறிச்சு வழி விடுது. மொழி தெரியாத நாட்டுல குடும்பம் நடத்த முடியுமான்னு கேக்கறவங்கள நான் அந்தத் தேருக்கு கூட்டிட்டுப் போகணும்னு நினைப்பேன்.

கீழ் வீட்டு பாட்டி கூட அதுக்கப்புறம்தான் பேச ஆரம்பிச்சேன். அவங்க மாடிப்படில என்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தது இந்த வாரம் படி கூட்டற முறை யாரோடதுன்னு. இந்தப் பக்கம் அபார்ட்மெண்ட்ல வாரம் ஒரு வீடுன்னு முறை வச்சு கூட்டணும், முறை வந்தா கதவுல சின்னதா போர்டு மாட்டிடுவாங்க.

திருச்சிக்காரி | 16.11.2025

ஆஸ்பத்திரி, ஆபீஸ் பத்தி முதல் கேள்வில இருந்தது, இப்பதான் நேரம் கிடைச்சது.

டாக்டருங்க பெரும்பாலும் இங்கிலீஷ் பேசுவாங்க. போன் எடுக்கற வரவேற்பு ஆளுங்கதான் பேச மாட்டாங்க, அப்பாயிண்ட்மெண்ட் அவங்க கைல. ஆன்லைன்ல புக் பண்ற டாக்டரா பாருங்க. உயிர் அவசரத்துக்கு 112, ராத்திரி காய்ச்சல் மாதிரிக்கு 116117. ரெண்டையும் குழந்தை உட்பட எல்லாரும் மனப்பாடம் பண்ணிடுங்க, கூடவே வீட்டு முகவரிய ஜெர்மன் உச்சரிப்புல சொல்லிப் பழகுங்க.

அரசு அலுவலகத்துல ஜெர்மன்தான், அது சட்டப்படி அலுவல் மொழி, அங்க இருக்கறவருக்கு இங்கிலீஷ் தெரிஞ்சாலும் பேசணும்னு கட்டாயம் இல்ல. ஒரு அலுவலகத்துல என்னை “ஆள் கூட்டிட்டு வா”ன்னு திருப்பி அனுப்பினாங்க, பையன தூக்கிட்டு மழைல திரும்பி வந்தேன், அந்த அவமானம் இன்னும் இருக்கு. ஆனா அத விட ஆபத்து லெட்டர். எல்லாம் தபால்லதான் வரும். வரி, காப்பீடு, அனுமதி எதுவானாலும் முடிவு பிடிக்கலன்னா மறுப்பு எழுத பொதுவா ஒரு மாசம்தான் கெடு, படிக்காம மேசை மேல போட்டா போச்சு. வந்த அன்னைக்கே போன்ல மொழிபெயர்த்துப் பாருங்க, தேதி, தொகை, கெடு மூணையும் பேனால வட்டம் போடுங்க. எங்க வீட்ல இத நான்தான் பாக்கறேன், அவரு பாக்க மாட்டாரு. உங்க வீட்ல யார் பாக்கப் போறீங்கன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

டிரைவிங்: நம்ம லைசென்ஸ் ஆறு மாசம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு ரெண்டும் முழுசா. எழுத்துத் தேர்வு இங்கிலீஷ்ல எழுதலாம். ஓட்டுத் தேர்வுல பரீட்சை அதிகாரி சொல்றது ஜெர்மன்ல, இடது வலது நிறுத்து திரும்பு இவ்வளவு தெரிஞ்சா போதும்.

ஓய்வூதியம் கேட்டவருக்கு: இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாசத்துல இருந்து அமல்ல இருக்கு. இங்க ஓய்வூதியத்துக்கு குறைஞ்சது 60 மாசம் கட்டியிருக்கணும், ஊர்ல கட்டின காலத்தையும் சேத்து எண்ண வழி இருக்கு. பிஎஃப் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீங்க.

திருச்சிக்காரி | 17.11.2025

இட்லி மாவு குளிர்ல பொங்கலன்னா ஓவன் உள்ள லைட்ட மட்டும் போட்டு ராத்திரி வச்சிடுங்க, சூடு போடாதீங்க. இதுக்கு தனியா மூணு பேர் எழுதியிருந்தீங்க.

திருச்சிக்காரி | 11.01.2026

கோவை தம்பி செய்தி அனுப்பியிருக்காரு. மனைவி நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன்ல ஆன்லைன் ஏ1 முடிச்சு ஏ2 சேந்துட்டாங்களாம், இவரு இன்னும் ஏ1 பாதில. படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரெண்டு இடத்துல இன்டர்வியூ போயிட்டிருக்கு, ஒண்ணு மருத்துவக் கருவி கம்பெனி.

கணக்கு மாறியிருக்கறத பாத்துக்கோங்க: 2026 ஜனவரில இருந்து ப்ளூ கார்டு சம்பளம் 50,700 யூரோ, ஆள் பத்தாத தொழிலுக்கு 45,934.20. ஆஃபர் லெட்டர்ல இதுக்கு நூறு யூரோ குறைஞ்சாலும் வேலைக்கு ஆகாது, கையெழுத்துக்கு முன்னாடியே பேசி ஏத்துங்க.

இப்ப தங்கச்சிக்கு நேரா எழுதறேன். அக்கவுண்ட்ஸ் இங்க என் தொழில் மாதிரி அங்கீகாரம் கேக்கற தொழில் கிடையாது, கம்பெனி எடுத்தா வேலை செய்யலாம். ஆனா இன்வாய்ஸ், வரி, சம்பளப் பட்டியல் எல்லாம் ஜெர்மன்ல, பெரும்பாலான இடத்துல டேட்டெவ் சாஃப்ட்வேர். ஆடிட்டர் ஆபீஸ்கள்ல ஆள் பத்தாம தேடிக்கிட்டே இருக்காங்க. பி1 முடிச்ச உடனே டேட்டெவ் கோர்ஸ் ஒண்ணு சேருங்க, அங்க வர்ற வார்த்தைங்கதான் நாளைக்கு இன்டர்வியூல வரும். பி2 வர்ற வரைக்கும் வீட்ல உக்காராதீங்க, வாரம் ரெண்டு நாள் கடைலயோ பள்ளி உணவுக் கூடத்துலயோ வேலைக்குப் போங்க. சம்பளம் சின்னதுதான். ஆனா பேச ஆள் கிடைக்கும். “எம்.காம் படிச்சிட்டு இதுவா”ன்னு ஊர்ல சொந்தக்காரங்க கேப்பாங்க, கேக்கட்டும்.

தம்பிக்கு: முதல் வருஷம் தங்கச்சி காலை வகுப்புக்கு போற மாதிரி உங்க ஆபீஸ் நேரத்த கேட்டு வாங்குங்க, குழந்தைய கிட்டால விடறத நீங்க எடுத்துக்கோங்க. இங்க அப்பாக்கள் அப்படி கேக்கறது சாதாரணம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வேலை ஒப்பந்தம் பேசும்போதே கம்பெனிகிட்ட ரெண்டு பேருக்கும் மொழி வகுப்பு செலவ கேளுங்க, உங்களுக்கு மட்டும் தர்றேன்னு சொன்னாலும் மனைவிக்கும் சேத்து கேளுங்க. ஆஃபர் வந்ததும் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, டிகிரி எல்லாத்துலயும் பேர் ஒரே மாதிரி எழுத்துல இருக்கான்னு பாருங்க. இனிஷியல் ஒரு இடத்துல முன்னாடி, இன்னொரு இடத்துல அப்பா பேரா விரிச்சு இருந்தா இங்க வேற வேற ஆள்னு எடுத்துக்குவாங்க, கோவைலயே சரி பண்ணிட்டு கிளம்புங்க.